கண் எதிரே நடக்கும் தப்பை ஏன் பார்க்காத மாதிரி இருக்கிறோம்?

3 நவம்பர் 2024, வாசகர் கேள்வி

ஊட்டியில் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பில் வேலை செய்கிறேன். சமையலறைக்குச் சாமான் வாங்குகிறவர் பில்லில் கூட்டி எழுதுகிறார். காய்கறி 20 கிலோ வந்தால் கணக்கில் 26 இருக்கும். எனக்கே தெரிகிறது என்றால் மற்றவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? பதினோரு பேர் வேலை செய்கிறோம், ஒருவரும் வாய் திறப்பதில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான் காரணம், வேறொன்றும் இல்லை என்பது என் எண்ணம். வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள்.

3 நவம்பர், இரவு, என் பதில்

பயம் என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். நான் ஆட்ட மாட்டேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலைக்கு இலை எடுக்கும் கொட்டகையில், செட் என்போம், ஆறு வருடம் எடை எழுதினேன். 2009 ஜூனில் சேர்ந்தேன், 2015-இல் விட்டேன். அதில் ஐந்து வருடத்துக்கு மேல் ஒரு தப்பு என் கண் எதிரே நடந்தது. எனக்குப் பயம் இருந்ததாக நினைவில்லை. வேறு ஒன்று இருந்தது. நாளை எழுதுகிறேன், கை ஓயவில்லை என்றால்.

4 நவம்பர்

முதலில் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் காரணம் பேசினால் காற்றில் பேசுவது போலத்தான்.

சிறு விவசாயிகள் பறித்த பசுந்தேயிலையைச் சாக்கில் கட்டிச் செட்டுக்குக் கொண்டு வருவார்கள். எங்கள் செட்டுக்கு ஒரு நாளைக்கு 80 சாக்கு வரும், சாக்குக்கு 30 கிலோ சுமாராக. தராசில் வைத்ததும் எடை போடுகிறவர் எண்ணைச் சத்தமாகச் சொல்வார். நான் கழிவைக் கழித்துவிட்டுச் சீட்டில் எழுதுவேன். சாயங்காலம் லாரி வரும், தொழிற்சாலையில் மறுபடி மொத்தமாக எடை.

கழிவு என்பதே தப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். சாக்குக்கு எடை உண்டு, அரை கிலோ வரும். மழையில் பறித்த இலையில் ஒட்டியிருக்கும் தண்ணீருக்குத் தொழிற்சாலை ஏன் காசு கொடுக்க வேண்டும்? இலைக்குள்ளேயே முக்கால் பங்கு ஈரம்தான், அதற்கு மேல் வெளியே நிற்கும் தண்ணீரைக் கழிப்பது நியாயம். 2009 நவம்பர் மழையை இங்கிருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நீலகிரி முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மழையில் இலை சொட்டச் சொட்ட வந்தது. சாக்குக்கு அரை கிலோவாக இருந்த கழிவை 2 கிலோவாக்கச் சொன்னார் இலைப் பொறுப்பாளர். சரியாகத்தான் இருந்தது. எழுதினேன்.

டிசம்பரில் மழை விட்டது. ஜனவரியில் வெயில் அடித்தது. கழிவு 2 கிலோவாகவே இருந்தது.

குறைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மழைக்கு வைத்த கழிவு வெயிலிலும் நின்றுவிட்டது. இப்போது யோசித்தால், எந்த நாளில் அது தப்பாக மாறியது என்று ஒரு தேதியைக் காட்ட முடியவில்லை. டிசம்பர் 10-ஆ? பொங்கலா? முதல் நாளே "வெயில் நாளில் ஒன்றரை கிலோ திருடு" என்று யாராவது சொல்லியிருந்தால் பேனாவை வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அப்படி யாரும் சொல்வதில்லை.

4 நவம்பர், அப்புறம்

மேலே "தொழிற்சாலை" என்று எழுதியதைப் படித்துவிட்டு முதலாளி செய்த வேலை என்று இரண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காசு முதலாளிக்குப் போகவில்லை. லாரி எடை கூடுதலாக வருமல்லவா, அந்தக் கூடுதலை வரவு வைக்க ஒரு சப்ளை நம்பர் இருந்தது. இல்லாத ஒரு தோட்டத்தின் நம்பர். பட்டுவாடா நாளில் அந்த நம்பருக்கான பணத்தை இலைப் பொறுப்பாளர் வாங்கிக்கொள்வார். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். இனிமேல் அப்படியே எழுதுகிறேன்.

6 நவம்பர்

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அப்போது இலை விலை கிலோவுக்கு 12 ரூபாய் வாக்கில். ஒரு விவசாயி 3 சாக்கு கொண்டு வந்தால் வெயில் நாளில் நாலரை கிலோ போகும். 54 ரூபாய். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. இதற்காக யார் வரிசையில் நின்று சண்டை பிடிப்பார்? பின்னால் இருபது பேர் சாக்கோடு நிற்கும்போது?

அண்ணன் பக்கம் பாருங்கள். 80 சாக்கு, 120 கிலோ, ஒரு நாளைக்கு 1,440 ரூபாய். மாதத்தில் 25 நாள் என்றால் 36,000. என் சம்பளம் அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

இழப்பு பலர் தலையில் தூறலாக விழுகிறது, லாபம் ஒரே தொட்டியில் நிரம்புகிறது. தூறலில் நனைகிறவனுக்குக் குடை எடுக்கத் தோன்றாது. விடுதித் தம்பி சொன்ன காய்கறிக் கணக்கும் இதே ஜாதிதான். 6 கிலோ காய்கறி யாருடைய பாக்கெட்டிலிருந்து போகிறது? முகம் தெரியாத ஒரு உரிமையாளர். கோபப்பட ஒரு முகம் வேண்டும். எங்கள் செட்டில் முகம் இருந்தது. தினம் வந்து நின்றது. அப்படியும் நாங்கள் பார்க்கவில்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

6 நவம்பர், இன்னும் ஒன்று

செட்டில் நாங்கள் ஐந்து பேர். எடை போடுகிறவர், நான், சாக்கு தூக்கும் இருவர், லாரி ஓட்டுநர். ஐந்து பேருக்கும் தெரியும். ஐந்து பேரும் மற்ற நாலு பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

இதைப் பற்றி அமெரிக்காவில் 1968-இல் வெளிவந்த ஒரு சோதனை உண்டு. பிப் லடானே, ஜான் டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்தது. ஓர் அறையில் ஆளை உட்கார வைத்து ஏதோ படிவம் நிரப்பச் சொல்லிவிட்டு, சுவர்த் துவாரம் வழியாகப் புகையை விடுகிறார்கள். தனியாக இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். பக்கத்தில் இரண்டு பேரை உட்கார வைத்து, புகையைக் கண்டுகொள்ளாதது போல் நடிக்கச் சொன்னபோது, சொன்னவர்கள் நூற்றுக்கு 10 பேர்தான். மற்றவர்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், படிவத்தை நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் கேட்டால் நீராவி என்று நினைத்தேன், ஏசியிலிருந்து வரும் ஆவி என்று நினைத்தேன் என்றார்களாம்.

அவர்கள் பொய் சொல்லியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்து ஆள் சும்மா இருந்தால் நம் கண்ணுக்கே புகை பனிமூட்டமாகத்தான் தெரியும். வெயில் நாளில் 2 கிலோ கழிக்கும்போது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? "காலைப் பனி ஈரம் இருக்கும்" என்று. பதினொரு மணிக்குப் பறித்த இலையில்.

7 நவம்பர்

கோவையிலிருந்து ஒருவர், நியூயார்க்கில் 1964-இல் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் குத்திக் கொல்லப்பட்டதை 38 பேர் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், மனித குணமே அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறார். நானும் பல வருடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. முதலில் அப்படி எழுதிய நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையே 2016-இல் அந்தச் செய்தியில் பிழை இருந்தது என்று ஒப்புக்கொண்டது. பலருக்குச் சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது, முழுதாகப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் படியிறங்கி ஓடிவந்து ஆம்புலன்ஸ் வரும் வரை அவரைக் கையில் தாங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்.

அந்தப் பெண்ணை ஊர் மறந்துவிட்டு 38 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டது. இது என்னை உறுத்துகிறது. "யாரும் கேட்பதில்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னால், கேட்ட ஒருவரும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார். எங்கள் செட்டிலும் அப்படி ஒருவர் இருந்திருக்கலாம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

10 நவம்பர்

இதை எழுத மூன்று நாளாகத் தள்ளிப்போட்டேன்.

பயம் இல்லை என்றேன். என்ன இருந்தது என்று சொல்கிறேன். எங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து வந்தது. அங்கிருந்த தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப 1964-இல் இரண்டு நாடும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்தவர்களில் என் தாத்தாவும் ஒருவர். இந்த மலையில் எங்களுக்குப் பங்காளி இல்லை, மாமன் மச்சான் இல்லை, பாட்டன் நிலம் இல்லை. ஆத்திர அவசரத்துக்குப் பக்கத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருப்பவரைத்தான் எழுப்ப வேண்டும்.

2011-இல் என் மகளுக்கு இரண்டு வயது. ராத்திரி பதினொரு மணிக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. வெளியே மழை. யாரைக் கூப்பிடுவேன்? அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். லுங்கியோடு வந்து ஜீப்பை எடுத்தார். மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர் இறக்கம், ஒவ்வொரு வளைவிலும் முகப்பு விளக்கில் மழைதான் தெரிந்தது, ரோடு தெரியவில்லை. அங்கிருந்து கோவை. விடியும் வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது என் சட்டைப் பையில் 3,000 ரூபாயைத் திணித்தார். திருப்பிக் கொடுக்கப் போனபோது "குழந்தைக்குப் பால் வாங்கு" என்று கையைத் தட்டிவிட்டார்.

அந்த மனிதருடைய கணக்கை நான் எப்படிக் கேட்பேன்?

செட்டில் மற்ற நாலு பேருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. ஒருவருக்குத் தங்கை கல்யாணம். ஒருவருக்கு லைசென்ஸ் எடுக்கப் பணம். தப்பு செய்கிறவர் எல்லோரும் கடுகடுவென்று இருப்பார்கள் என்று யார் சொன்னது? எங்கள் அண்ணன் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். கடுகடுவென்று இருந்திருந்தால் என்றைக்கோ ஒருவன் சொல்லியிருப்பான். நன்றி உள்ளவன் வாயைத் திறக்க மாட்டான். விடுதித் தம்பிக்கு என் பதில் இதுதான். உங்கள் சாமான் வாங்குகிறவர் யார் யாருக்கு என்ன உதவி செய்திருக்கிறார் என்று விசாரித்துப் பாருங்கள்.

10 நவம்பர், கொஞ்ச நேரம் கழித்து

எழுதியதைப் படித்தேன். ஒன்றைத் தவறவிட்டிருக்கிறேன். மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது 2011-இல். கழிவைக் கேட்காமல் விட்டது 2010 ஜனவரியில். ஒரு வருடத்துக்கும் மேலே எந்த நன்றியும் இல்லாமலே சும்மா இருந்திருக்கிறேன். அப்படியானால் நன்றி காரணமா, இல்லை பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட சாக்குப்போக்கா? முடிவு சொல்ல முடியவில்லை. இரண்டையும் இங்கேயே விடுகிறேன், மேலே உள்ளதை அழிக்கப் போவதில்லை.

11 நவம்பர்

"தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். எங்கள் செட்டிலும் தினம் ஒரு முறையாவது யாராவது சொல்வார்கள். இந்தப் பழமொழி மேல் எனக்குத் தீராத கோபம். நக்கட்டும், சரி. அது யாருடைய தேன் என்று அதில் ஒரு வார்த்தை உண்டா? எங்கள் மலையில் தேன் எடுக்கிறவர்கள் குறும்பர்களும் இருளர்களும். ராத்திரியில் பாறை விளிம்பிலிருந்து கொடியில் தொங்கி எடுப்பார்கள். கை அவர்களுடையது, உயிர் அவர்களுடையது. அவர்கள் நக்கினால் அது அவர்கள் உழைப்பு. செட்டில் உட்கார்ந்து பேனாவால் நக்குகிறவனுக்கு அந்த வாக்கியத்தைக் கொடுக்காதீர்கள்.

15 நவம்பர்

டீமேக்கராக, அதாவது தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைக் கவனிப்பவராக, இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். எடையைக் குறைத்து எழுதினால் தூள் விகிதம் ஏறிவிடுமே, நாலரை கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் என்பது நாலேகால் கிலோவுக்கு ஒன்று என்று காட்டுமே, முதலாளி கண்ணில் படாமல் எப்படிப் போகும் என்கிறார்.

ஐயா, அதற்குத்தான் அந்த இல்லாத தோட்டம். விவசாயியிடம் கழித்த இலை அந்த நம்பரில் வரவாகிவிடும். தொழிற்சாலைக்கு வந்த இலையும் கணக்கில் இருக்கும் இலையும் ஒன்றே. தூள் விகிதம் ஒழுங்காக இருக்கும். தராசிலும் குறை கிடையாது, வருடா வருடம் முத்திரை வைத்த தராசு. அதிகாரி எப்போது வந்து படிக்கல்லை வைத்துப் பார்த்தாலும் சரியாகக் காட்டும். தப்பு நடந்த இடம் தராசுக்கும் சீட்டுக்கும் நடுவே உள்ள மூன்று அடி. அந்த மூன்று அடியில் இருந்தது நான்.

ஆனால் நீங்கள் கேட்டபிறகு ஒன்று உறைத்தது. மார்கழி தையில் இங்கே இலை கருகிப்போகும். பள்ளத்தில் இருக்கும் தோட்டங்களில் காலையில் பார்த்தால் உறைபனி உப்புத் தூவியது போல் கிடக்கும், இரண்டு நாளில் செடி தீ வைத்த மாதிரி ஆகிவிடும். பேரேட்டில் எல்லோருடைய வரவும் பாதியாகும், சிலருக்குப் பூஜ்யம். அந்த ஒரு நம்பரில் மட்டும் பனியிலும் மழையிலும் வாரா வாரம் இலை வந்துகொண்டே இருந்தது. பனியே விழாத தோட்டம். அந்தப் பக்கத்தை என் கையால்தான் எழுதினேன். முதலாளி மாதா மாதம் அந்தப் பேரேட்டைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டார். பரம்பரையாகத் தேயிலைக்காரர் அவர். தையில் கருகாத தோட்டம் எது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

4-ஆம் தேதி, காசு முதலாளிக்குப் போகவில்லை என்று எழுதினேன். அது சரி. அவருக்குத் தெரியாது என்ற அர்த்தத்தில் யாரும் எடுத்துக்கொண்டால் அதை இப்போது திருத்துகிறேன். தெரிந்திருக்கலாம் என்றுதான் இன்று நினைக்கிறேன். இலை தட்டாமல் வந்து சேர்ந்தது, அண்ணன் செட்டில் ஆள் பிரச்சினை கிடையாது. அவருக்கு அது போதுமாக இருந்திருக்கும்.

16 நவம்பர்

குளிர் என்றதும் இன்னொன்று. 1986 ஜனவரி 28, அமெரிக்க விண்கலம் சேலஞ்சர் 73 வினாடியில் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் இறுகிப்போனது. முந்தின நாள் ராத்திரியே ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் வேண்டாம் என்றார்கள். அவர்களுடைய மேலாளர்கள் அதை மாற்றிச் சரி என்று அனுப்பினார்கள். வளையம் அரிபடுவது முந்தைய பயணங்களிலேயே தெரிந்த விஷயம். ஒவ்வொரு முறையும் கலம் பத்திரமாகத் திரும்பியதால், அரிபடுவது வழக்கமான ஒன்றாகிவிட்டது. டயான் வான் என்ற சமூகவியலாளர் இதை வருடக்கணக்கில் ஆராய்ந்து, விலகலே வழக்கமாகிப் போவது என்று பெயர் வைத்தார்.

எங்கள் 2 கிலோவுக்கும் அதுதான் பெயர். நேற்றுப் போனது, வானம் இடியவில்லை. இன்றைக்கும் போகட்டும்.

ஆனால் சேலஞ்சரில் வேண்டாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் 38 பேர் கதை மாதிரி ஆகிவிடும்.

19 நவம்பர்

சட்டம் இல்லையா என்று கேட்கிறார்கள். முறைகேட்டை வெளியே சொல்கிறவர்களைப் பாதுகாக்க 2014-இல் ஒரு சட்டம் நிறைவேறி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற்றது. நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. வந்தாலும் அது அரசு ஊழியர் தொடர்பான ஊழலுக்குத்தான், தேயிலைச் செட்டுக்கோ விடுதிச் சமையலறைக்கோ உதவாது. 2013 கம்பெனிச் சட்டத்தில் புகார் சொல்ல ஏற்பாடு வேண்டும் என்று இருக்கிறது, அது பங்குச் சந்தையில் பட்டியலான பெரிய நிறுவனங்கள் மாதிரியானவற்றுக்கு. சத்யேந்திர துபே என்ற பொறியாளர் தங்க நாற்கரச் சாலையில் நடந்த ஊழலைப் பற்றி 2002-இல் பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார், பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு மேசை மேசையாகப் போனது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்று சிபிஐ சொன்னது.

ஆகவே பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சில இடங்களில் பயம்தான் முதல் காரணம். எங்கள் செட்டு அந்த மாதிரி இடம் இல்லை. எங்கள் யாருடைய உயிருக்கும் ஆபத்து இல்லை. வேலை போனாலும் பக்கத்துத் தொழிற்சாலையில் கூப்பிடுவார்கள்.

2023 செப்டம்பரில் கிலோவுக்கு 33 ரூபாய் 75 காசு கேட்டு இங்கே விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்களே, நானும் ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். விலையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், பேச வேண்டியதுதான். எடையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. விலையைக் கேட்டால் தேயிலை வாரியத்தைக் கேட்கலாம், அரசைக் கேட்கலாம். எடையைக் கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்க வேண்டும்.

20 நவம்பர்

விடுதித் தம்பி எழுதியிருக்கிறார். சாமான் வாங்குகிறவர் போன வருடம் இவருடைய அக்காவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தாராம். முதலில் எழுதியபோது அது ஞாபகத்துக்கே வரவில்லையாம். என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

தம்பி, மேலே இருப்பவரிடம் ஓடாதீர்கள். பதினோரு பேரில் ஒருவரிடம் மட்டும், டீ குடிக்கும்போது, "26 கிலோ எங்கே இருக்கிறது" என்று கேளுங்கள். சாலமன் ஆஷ் என்பவர் 1950-களில் செய்த சோதனையில், நீளம் ஒத்துப்போகாத கோடுகளை எல்லோரும் ஒரே நீளம் என்று சொன்னால் அவர்களோடு இருப்பவரும் பல தடவை அப்படியே சொல்லிவிடுகிறார். ஒரே ஒரு ஆள் சரியானதைச் சொன்னால் போதும், தப்பாகச் சொல்வது நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஒரு ஆள் போதும். எனக்கு அது அப்போது தெரியாது.

24 நவம்பர்

2015-இல் நான் செய்தது என்ன என்று பலர் கேட்டுவிட்டார்கள்.

ஒரு அம்மா வருவார். மேலே ஒரு ஹட்டியிலிருந்து, படுகர் ஊரை இங்கே அப்படித்தான் சொல்வோம், ஒரு ஏக்கருக்கும் குறைந்த தோட்டம், கணவர் இல்லை. மூன்று சாக்கையும் கூலி ஆள் வைக்காமல் தாமே ஒவ்வொன்றாகச் சரிவில் சுமந்து இறக்குவார். சாக்கை இறக்கியதும் உள்ளங்கையை உடுத்திய துணியில் துடைத்துக்கொண்டுதான் சீட்டை வாங்குவார், நனைந்துவிடக் கூடாது என்று. மார்ச் மாதம், நல்ல வெயில். எடை போடுகிறவர் 31 என்றார். அன்றைக்கு ஏனோ அந்தக் கையைப் பார்த்துவிட்டேன். விரலெல்லாம் இலைக்கறை, நகக்கண்ணில் கறுப்பு. 31-இல் அரை கிலோ கழித்து 30.5 என்று எழுதினேன். மூன்று சாக்குக்கும் அப்படியே.

அண்ணன் சாயங்காலம் சீட்டின் அடிக்கட்டையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் என்னை வாட்டும் தொட்டிக்கு மாற்றினார்கள், இலை பரப்பும் வேலை. அங்கே ஐந்து வாரம் இருந்தேன். பழைய செட்டுக்காரர்கள் டீ நேரத்தில் என்னைக் கண்டால் தள்ளிப்போனார்கள். அப்புறம் ஒரு நாள் சாக்கு தூக்கும் பையன், இருபது வயது இருக்கும், தொட்டி ஓரம் வந்து நின்று, "எனக்கும் அது சரியில்லைன்னு இருந்துச்சு அண்ணா. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் நின்னுருப்பேன்" என்றான்.

7-ஆம் தேதி சொன்னேனே, ஒருவர் இருந்திருக்கலாம் என்று. அவன்தான். ஆறு வருடத்தில் கடைசி நாலு வருடம் அவன் என்னிடமிருந்து எட்டு அடி தூரத்தில் நின்றான். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதமே வேலையை விட்டேன். புகார் எதுவும் கொடுக்கவில்லை. அண்ணன் இறந்து மூன்று வருடமாகிறது, அடக்கத்துக்குப் போயிருந்தேன், அழுதேன். அதையும் மறைக்கவில்லை.

25 நவம்பர்

"அந்த அம்மாவிடம் சொன்னீர்களா" என்று ஒரு வரி மட்டும் ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை.

2 டிசம்பர்

நேற்று ஹட்டிக்குப் போனேன். அந்த அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் ஆகிறது, என்னை அடையாளம் தெரிந்தது. வாசல் திண்ணையில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

"தெரியும் தம்பி" என்றார்.

உள்ளே போய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டு வந்தார். முழுக்க எடைச் சீட்டு, வருடவாரியாக நூல் போட்டுக் கட்டியது. முன்பக்கம் என் கையெழுத்து. பின்பக்கம் பென்சிலில் வேறு எண்கள். வீட்டு உத்திரத்தில் ஒரு கொக்கித் தராசு தொங்குகிறது, சாக்கைக் கட்டியதும் அதில் ஒரு முறை நிறுத்துவிட்டுத்தான் சரிவில் இறக்குவாராம். முன்னால் 29, பின்னால் 31. முன்னால் 28, பின்னால் 30. 2010 முதல் 2015 வரை இப்படியே.

ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன். மகள் கல்யாணத்துக்கு அண்ணன்தான் முதலாளியிடம் பேசி அட்வான்ஸ் வாங்கிக் கொடுத்தாராம். "அப்புறம் எப்படிக் கேக்கறது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீயும் எழுதிட்டே இருந்தே, உனக்கும் ஏதோ இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார்.

பையைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். ராத்திரி உட்கார்ந்து கூட்டுகிறேன். மழை மாதத்துச் சீட்டுகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன், சாக்குக்கு அரை கிலோவையும் விட்டுவிட்டேன். 2010-உம் 2011-உம் முடிந்தது, 161 கிலோ வருகிறது. இன்னும் மூன்று வருடத்துக் கட்டும் சில்லறையும் பாக்கி.

கிலோவை ரூபாயாக்க அந்தந்த மாதத்து விலை வேண்டும். 2010 முதல் 2015 வரை கோத்தகிரிப் பக்கம் தனியார் தொழிற்சாலைகள் இலைக்குக் கொடுத்த மாத விலை யாரிடமாவது பழைய நோட்டிலோ பட்டுவாடாச் சீட்டிலோ இருந்தால் இங்கே எழுதுங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்கள் முதலில் வேண்டும்.